மதில் சூழ்ந்த தோட்டமும் ஓசூர்ச் சாலையும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்வது எவருக்கும் புதுமையன்று. அத்திப்பள்ளியிலுள்ள மாநில எல்லையைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோர் பல்லாயிரவர். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலைக்குப் பெங்களூரில் நம் ஊரின் பெயரே வழங்குகிறது. ஓசூர்ச் சாலை என்றே அந்நகரத்தார் அதனை அழைக்கின்றனர். அச்சாலையின் ஓரத்தில் மெதடிஸ்ட் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அதில் 1956ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பட்ட ஒரு ஜெர்மானியரின் கல்லறையைக் காணவும், அவர் பணியாற்றிய லால்பாக் தோட்டத்தை நடந்தே சுற்றிப் பார்க்கவும் ஒரு நாளை ஒதுக்கிப் புறப்பட்டோம்.

ஜெர்மனியின் பழம்பெரும் நகரங்களையும், அவற்றை அடுத்துள்ள அரண்மனைத் தோட்டங்களையும் நேரில் காணும் வாய்ப்பு நம்முள் மிகச் சிலருக்கே கிட்டும். ஆயின், அத்தகைய நகரம் ஒன்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து, ஒரு நூற்றாண்டு இடைவெளியில், இருவர் இந்நாட்டுக்கு வந்து மைசூர் மன்னர்களின் இத்தோட்டத்தைப் பேணினர் என்பது பலரும் அறியாத செய்தியாகும். அவ்விருவரின் வரலாற்றையும் தோட்டத்தின் வரலாற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றுடன், ஒரு தோட்டம் யாருக்கு உரியது என்னும் வினாவும் நாள் முழுவதும் நம்முடன் நடந்து வந்தது. அதனையும் வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

பரதீசு என்னும் சொல்

தோட்டத்துக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைப்பற்றிச் சிறிது சிந்திப்போம். நம் வேதாகமத்தில் 'பரதீசு' என்று வரும் சொல் பழம்பாரசீக மொழியில் பிறந்தது. சுற்றிலும் சுவர் எழுப்பப்பட்ட இடம் என்பதே அதன் முதற்பொருள். பாரசீகப் பேரரசர்கள் வறண்ட நிலத்தின் நடுவே மதில் எழுப்பி, வாய்க்கால் வெட்டி, பழமரங்களை வைத்து வளர்த்த அரசத் தோட்டங்களுக்கு இப்பெயர் வழங்கிற்று. அங்கிருந்து அச்சொல் எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் சென்றது. நெகேமியாவின் நூலில் அரசனுடைய வனத்தைக் காப்பவன் குறிக்கப்படும் இடத்தில் உள்ளது இச்சொல்லே. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ஏதேன் தோட்டத்துக்கும் இதனையே ஆண்டனர். இவ்வாறு, அரண்மனைத் தோட்டத்தின் பெயரே விண்ணுலக இன்பத்தின் பெயராயிற்று.

ஆனால் சொல்லின் வேரில் மதில் இருக்கிறது. மதில் என்று ஒன்று இருந்தால் உள்ளே இருப்போரும் வெளியே நிற்போரும் உண்டு. மொகலாயர் தோட்டங்களும் இப்பாரசீக மரபினின்று வந்தவையே. நீரோடைகளால் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மதிலால் சூழப்பட்டு, மன்னரும் அவர் குடும்பத்தாரும் இளைப்பாறுவதற்கென அமைந்தவை அவை. 1760ஆம் ஆண்டில் ஐதர் அலி பெங்களூரில் தொடங்கிய லால்பாக்கும் அம்மரபைச் சேர்ந்தது. சீரா என்னும் ஊரில் அவர் கண்ட மொகலாயத் தோட்டமே அதற்கு முன்மாதிரியாயிற்று என்பர். நாற்பது ஏக்கர் அளவில் தொடங்கிய அத்தோட்டத்தை அவர் மகன் திப்பு சுல்தான் விரிவாக்கினார். பல நாடுகளிலிருந்து விதைகளையும் செடிகளையும் வருவித்தார்.

பாறையின்மேல் நின்று

லால்பாக்கினுள் புகுந்ததும் முதலில் அங்குள்ள பெரும்பாறையின்மீது ஏறினோம். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையுடையதென நிலவியல் வல்லுநர் கூறும் இப்பாறை, தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் உச்சியில், கெம்பேகௌடர் மரபினர் நகரின் எல்லையைக் குறிக்க எழுப்பியதாகச் சொல்லப்படும் நான்கு சிறு கோபுரங்களுள் ஒன்று நிற்கிறது. அன்றைய எல்லையை நகரம் எப்போதோ விழுங்கிவிட்டது. எத்திசையில் நோக்கினும் கட்டடங்களே தெரிந்தன.

நம் பகுதிக்கும் இத்தோட்டத்துக்கும் உள்ள பழைய உறவு இங்கு நினைவுக்கு வருகிறது. கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் நாடு ஐதர், திப்பு ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் அதனோடு சேர்ந்தது. ஆகவே லால்பாக் தோட்டமும் நம் மண்ணும் ஒரே மன்னரிடமிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கம்பெனியின் ஆளுகைக்குள் வந்தவை. பாராமகாலை நிர்வகித்த கேப்டன் ரீடின் உதவியாளராகத் தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோ, அங்கே தாம் அமைத்த தோட்டத்தைப் பிரிய நேர்ந்தபோது பெரிதும் வருந்தினார் என்பதை அவருடைய கடிதங்களால் அறிகிறோம். வரி வசூலிக்க வந்தவருக்கும் தோட்டம் ஒன்று தேவைப்பட்டது.

பிர்னாவிலிருந்து வந்த முதல் மனிதர்

கம்பெனியார் லால்பாக்கை என்ன செய்தனர்? 1800ஆம் ஆண்டு முதல் அதனைத் தம் தாவர ஆராய்ச்சித் தோட்டமாகக் கொண்டனர். அதன் பொறுப்பு பெஞ்சமின் ஹைனே என்பவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. இவர் ஆங்கிலேயர் அல்லர். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், பிர்னா நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1770இல் பிறந்தவர். மொரேவிய சகோதர சபையின் அருட்பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர்.

மொரேவியரைப்பற்றிச் சில சொற்கள் கூறுவது பொருந்தும். சமயக் கொடுமைக்குத் தப்பி வந்த மொரேவிய அகதிகளுக்கு 1722இல் சின்சென்டார்ஃப் பிரபு சாக்சனியிலிருந்த தம் நிலத்தில் இடமளித்தார். அங்கே எழுந்த ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரிலிருந்து உலகெங்கும் அருட்பணியாளர் சென்றனர். 1760இல் அவர்களுள் ஒரு குழுவினர் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாற்றின் அருகே குடியேறினர். நிக்கோபார் தீவுகளுக்குச் சென்று பணியாற்றுவதே அவர்களுடைய நோக்கம். சீகன்பால்கு காலந்தொட்டு அங்குப் பணியாற்றிவந்த ஹாலே மிஷனெரிகளுடன் அவர்களுக்கு இணக்கம் ஏற்படவில்லை. நிக்கோபார்ப் பணியோ நோயாலும் மரணத்தாலும் கைவிடப்பட்டது. ஆயினும், பயிர்த்தொழிலாலும் கைத்தொழில்களாலும் தம்மைத் தாமே தாங்கிக்கொண்ட அவர்களுடைய குடியிருப்புக்குச் 'சகோதரர் தோட்டம்' என்ற பெயர் நிலைத்தது. லின்னேயஸின் மாணவரான கோனிக் என்னும் மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தபின், செடிகொடிகளை ஆராயும் ஆர்வம் மிஷனெரிகளிடையே பரவிற்று. ஹாலே மிஷனைச் சேர்ந்த ராட்லர் தமிழ் அகராதியாளராகவும் தாவரவியலாளராகவும் விளங்கியதை நாம் அறிவோம்.

ஹைனே இச்சூழலுக்கு வந்து சேர்ந்தது 1792ஆம் ஆண்டளவில். விரைவில் அவர் கம்பெனியின் பணியில் அமர்ந்தார். முதலில் ஆந்திரக் கடற்கரையை அடுத்த சாமல்கோட்டையிலும், பின்னர் மைசூர் நிலஅளவைக் குழுவிலும் பணியாற்றினார். லால்பாக் அவர் கைக்கு வந்தபோது, மேலிடத்தின் கட்டளை தெளிவாயிருந்தது: அழகுக்காகவோ அருமைக்காகவோ மட்டும் போற்றப்படும் செடிகளைவிடப் பயனுள்ள செடிகளுக்கே முதலிடம் தரப்பட வேண்டும். பயன் என்பது இங்கு வருவாய், சந்தை. மன்னரின் இன்பத் தோட்டம் கம்பெனியின் கணக்குத் தோட்டமாயிற்று. மதில் இடியவில்லை, அதன் உரிமையாளர் மாறினார்.

அருட்பணியை விட்டு அரசுப் பணிக்குச் சென்ற ஹைனேயை எங்ஙனம் மதிப்பிடுவது? அவரால் தோன்றிய சபை ஒன்றும் இல்லை. ஆனால் தென்னாட்டுக் காடுமேடுகளில் அலைந்து அவர் சேகரித்த செடிகள், ஜெர்மனியிலிருந்த ரோத் என்னும் மருத்துவருக்கு அனுப்பப்பட்டு, அவரால் விவரிக்கப்பட்டு, 1821இல் நூலாக வெளிவந்தன. ஹைனே அதனைக் காணவில்லை. 1819இல் சென்னையில் இறந்தார். நம் மண்ணின் செடிகள் சிலவற்றின் அறிவியற்பெயர்களில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. கம்பெனிக்கு ஊழியம் செய்தவர் என்ற குறையையும், இந்நிலத்தின் சிறு பூண்டையும் குனிந்து நோக்கிய பொறுமையையும் சேர்த்தே அவரை நினைவுகூர்வது நேர்மையாகும்.

எல்பே ஆற்றங்கரையில்

பாறையைவிட்டு இறங்கி ஒரு மரநிழலில் அமர்ந்தோம். இவ்விருவரும் புறப்பட்டு வந்த இடம் எத்தகையது என்பதை இங்கே கூறிவிடுவது நலம். எனவே சிறிது நேரம் லால்பாக்கை விட்டு, சாக்சனி நாட்டில் எல்பே ஆற்றின் கரைக்கு வாசகரை அழைத்துச் செல்கிறோம்.

டிரெஸ்டன் நகரிலிருந்து ஆற்றின் போக்குக்கு எதிராக ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால் பிர்னா நகரை அடையலாம். நடுவே சந்தைச் சதுக்கம். அதன் மையத்தில் நகர மன்றக் கட்டடம். சுற்றிலும் பழைய வணிகர் இல்லங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெலோட்டோ என்னும் ஓவியர் தீட்டிய பிர்னாக் காட்சிகள் இன்று உலகப்புகழ் பெற்றவை. சதுக்கத்தின் அருகே உயர்ந்து நிற்கும் தூய மரியாள் ஆலயம் 1546இல், அதாவது லூத்தர் இறந்த ஆண்டில், கட்டி முடிக்கப்பட்டது. பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்று, லூத்தரின் எதிர்ப்பைக் கிளப்பிய டெட்சல் பிறந்த ஊரும் இதுவே. திருச்சபை வரலாறு கற்போர் ஒவ்வொருவரும் அறிந்த அப்பெயர், ஒரு சந்தைச் சதுக்கத்தோடு தொடர்புடையதாய் இருப்பது எண்ணத்தக்கது.

நகருக்கு மேலே குன்றின்மீது சோனன்ஸ்டைன் கோட்டை உள்ளது. 1811இல் அது மனநோயாளருக்கான மருத்துவமனையாயிற்று. நோயுற்றோரை விலங்கிட்டு அடைக்காமல் மனிதராய் நடத்தியதால் அக்காலத்தில் நற்பெயர் பெற்றது. ஆனால் நாத்சி ஆட்சியில், 1940ஆம் ஆண்டு ஜூன் முதல் 1941 ஆகஸ்ட் வரை, அதே இடத்தில் 13,720 நோயாளரும் ஊனமுற்றோரும் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும் அங்கே மடிந்தனர். நாட்டுக்குப் பயனற்றவர் என்பதே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம். வூர்ட்டம்பெர்க் பகுதியின் லூத்தரன் பேராயர் தியோபில் வூர்ம் 1940இல் உள்துறை அமைச்சருக்கு எழுதி இதனைக் கண்டித்தார். அவ்வாறு எழுதியவர் சிலரே; வாளாவிருந்தோர் பலர். குன்றின்மீது இன்று, 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நினைவகம் ஒன்று உள்ளது.

பயனுள்ளதற்கே முதலிடம் என்று கம்பெனி செடிகளுக்கு வகுத்த விதியையும் இக்கொலைகளையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையாகாது. ஆயினும் செடிக்குப் பொருந்தும் அளவுகோலை மனிதருக்கு எடுத்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சோனன்ஸ்டைன் காட்டுகிறது. தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதியில், விபத்தில் கையிழந்தவரும் வயதால் தளர்ந்தவரும் எவ்விதம் மதிக்கப்படுகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க இது நம்மைத் தூண்ட வேண்டும்.

பிர்னாவுக்கும் டிரெஸ்டனுக்கும் இடையே, ஆற்றின் கரையிலேயே அமைந்தது பில்னிட்ஸ் அரண்மனை. சாக்சனியின் ஆட்சியாளர் வலிமைமிகு அகஸ்டஸ் 1720களில் எழுப்பிய இக்கோடை அரண்மனைக்கு ஆற்றின் வழியே படகில் வந்து இறங்குவர். நீரினின்று படிகள் நேரே அரண்மனை வாயிலுக்கு ஏறுகின்றன. பின்னே விரியும் தோட்டத்தில், கோடு கிழித்தாற்போல் வெட்டிச் செப்பனிட்ட பிரெஞ்சு முறைப் பாத்திகளும், இயற்கைபோலத் தோன்றும் ஆங்கில முறைப் பூங்காவும், சீனக் கலையைப் பின்பற்றிய மண்டபமும் உள்ளன. அங்குள்ள காமெலியா மரம் 1801இல் நடப்பட்டது. எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. கடுங்குளிரைத் தாங்காத அம்மரத்தின்மீது, குளிர்காலந்தோறும் சக்கரங்களில் நகரும் கண்ணாடி வீடு ஒன்றைத் தள்ளிவந்து மூடி, உள்ளே சூடேற்றுகின்றனர். கோடை வந்ததும் வீட்டைத் தள்ளிவிடுகின்றனர். வேற்றுமண்ணின் மரம் ஒன்றுக்காக ஒரு வீட்டையே நகர்த்தும் இக்கலை பில்னிட்ஸ் தோட்டக்காரர்களுடையது. அங்கே தொழில் பயின்ற ஓர் இளைஞர்தாம் நம் ஓசூர்ச் சாலையில் துயில்பவர்.

இரண்டாம் மனிதர்

குஸ்தாவ் ஹெர்மன் குரும்பீகல் 1865ஆம் ஆண்டு டிசம்பரில் பிர்னாவின் அருகேயுள்ள லோமன் என்னும் ஊரில் பிறந்தார். பில்னிட்ஸில் பயின்று, பின் ஷ்வெரின், ஹாம்பர்க் ஆகிய நகரங்களில் பணிசெய்து, 1888இல் இங்கிலாந்து சென்று, புகழ்பெற்ற கியூ தோட்டத்தில் சேர்ந்தார். 1893இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவரைத் தம் தோட்டங்களுக்குப் பொறுப்பாளராக அழைத்தார். 1908இல் மைசூர் சமஸ்தானம் அவரை லால்பாக்குக்கு வரவழைத்தது. 1932இல் ஓய்வுபெறும்வரை அங்கே பணியாற்றினார்.

அவர் வந்தபோது லால்பாக் பழைய மன்னர் தோட்டமாக இல்லை. 1856இல் அது அரசுத் தாவரவியல் பூங்காவாக்கப்பட்டது. குரும்பீகலுக்கு முன் பொறுப்பிலிருந்த ஜான் கேமரன் காலத்தில் பெரிதும் விரிந்தது. இன்று அதன் பரப்பு 240 ஏக்கர். குரும்பீகலின் சிறப்பு தோட்டத்தினுள் செய்தவற்றில் மட்டும் அடங்குவதன்று. தோட்டத்தை அவர் மதிலுக்கு வெளியே கொண்டுவந்தார். பெங்களூரின் வீதிகளில் எம்மரங்களை எவ்வரிசையில் நடுவது என்று திட்டமிட்டார். ஒருவகை மரம் பூத்து ஓயும்போது மற்றொரு வகை பூக்கத் தொடங்க வேண்டும். ஆண்டின் எம்மாதத்திலும் நகரில் எங்கேனும் ஒரு வீதி பூத்திருக்க வேண்டும் என்பதே அத்திட்டம். அரண்மனைக்குள் செல்ல உரிமையற்ற கூலியாளும் காய்கறி விற்பவளும் நடந்துசெல்லும் பாதையிலேயே பூ உதிர வேண்டும் என்றாயிற்று. காவிரியில் கிருஷ்ணராஜசாகர் அணையின் கீழ் அமைந்த பிருந்தாவனத் தோட்டத்தின் அமைப்பிலும் திவான் மிர்சா இஸ்மாயிலுடன் அவருக்குப் பங்குண்டு. அவருக்குப்பின் லால்பாக்கின் பொறுப்பை ஏற்ற ஜவராயா, முதன்முதலாக அப்பதவிக்கு வந்த இந்தியர். அவரையடுத்து வந்த மரிகௌடா தோட்டக்கலையை உழவர்களின் நிலங்களுக்கு எடுத்துச் சென்றார்.

இரு உலகப் போர்களின்போதும் ஜெர்மானியர் அனைவர்மீதும் விழுந்த பகைநாட்டார் என்னும் பெயர் குரும்பீகலையும் தொடர்ந்தது. ஆயினும் ஓய்வுபெற்றபின்னும் அவர் தாய்நாடு திரும்பவில்லை. பெங்களூரிலேயே வாழ்ந்து, தொண்ணூறு வயதைக் கடந்து, 1956 பிப்ரவரியில் இறந்தார். நட்ட மரம் நிழல்தரப் பல ஆண்டுகள் ஆகும். நாற்பது வயதுக்குமேல் வந்த ஓர் அந்நியர், பிறர் இளைப்பாறும் நிழலுக்காக வீதிதோறும் மரம் நட்டார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோர்க்கு எரேமியா தீர்க்கர் எழுதிய நிருபத்தில் தோட்டம் நாட்டும்படி கூறியது ஏன் என்பது, இத்தகைய வாழ்க்கையைக் காணும்போது சற்றுத் தெளிவாகிறது.

கண்ணாடி மாளிகையும் பசுமைக்குடிலும்

நண்பகலில் கண்ணாடி மாளிகையை அடைந்தோம். 1889இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டிய இக்கட்டடம், 1851இல் இலண்டனில் எழுந்த பளிங்கு மாளிகையைப் பின்பற்றியது. இதன் இரும்பு உறுப்புகள் ஸ்காட்லாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சிகளுக்கு இலட்சக்கணக்கானோர் இங்கே கூடுகின்றனர். அன்று பிற்பகலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாய் நின்று எண்ணிக்கை கூறிக்கொண்டிருந்தனர்.

கண்ணாடி வீட்டின் தத்துவம் எளியது. கதிரவனின் ஒளி கண்ணாடியை ஊடுருவி உட்சென்று மண்ணையும் செடியையும் சூடாக்குகிறது; சூடான காற்று மேலெழுந்து வெளியேற இயலாமல் உள்ளேயே தங்குகிறது. குளிர்நாடுகளில் இதுவே செடியின் உயிர். வெப்பநாட்டில் தேவை வேறு. ஓசூரைச் சுற்றிலும், தளி, பாகலூர்ச் சாலைகளில், வெண்ணிறப் பாலித்தீன் விரித்த பசுமைக்குடில்களை நாம் காண்கிறோம். அவற்றில் தாள் மழையையும் கடும் வெயிலையும் தடுக்கிறது; வலை பூச்சிகளைத் தடுக்கிறது; சொட்டுநீர்க் குழாய் வேருக்கு மட்டும் நீரையும் உரத்தையும் அளந்து தருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மிதமான குளிர் ரோஜாவுக்கு ஏற்றது. பிப்ரவரி மாதத்தில் இங்கிருந்து ரோஜாக்கள் வெளிநாடுகளுக்கு விமானத்தில் செல்கின்றன.

பில்னிட்ஸில் ஒரு மரத்துக்காகக் கட்டிய வீடு, லால்பாக்கில் மக்கள் கூடும் மண்டபமாயிற்று. ஓசூரில் அது தொழிற்கூடம். விடியுமுன் குடிலுக்குள் புகுந்து மொட்டுகளைக் கொய்யும் பெண்களுக்கு அது கூலி தருகிறது. ஆனால் அவ்வூர்ப் பிள்ளைகள் அப்பூவைப் பெட்டியில்தான் பார்க்கின்றனர். 1970களிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டையும், வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் தொழிற்சாலைகளும் எழுந்து, இவ்வூர் 2019இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோருடன் வடநாட்டுத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். ஒருவகையில் நாம் எல்லோரும் இங்கே வந்தேறிகளே. வந்தேறி ஒருவர் பெங்களூருக்குச் செய்ததை நம்முள் யார் ஓசூருக்குச் செய்யப் போகிறோம்?

மதிலுக்கு அடியில் செல்லும் நீர்

தோட்டத்தின் தென்பகுதியில் ஏரி ஒன்று உள்ளது. மாலையில் அதன் கரையில் நின்றபோது, கொக்குகளும் நீர்க்காக்கைகளும் கரைமரங்களில் வந்து அடங்கிக்கொண்டிருந்தன. இந்நீர் எங்கே செல்கிறது என்று வினவுவோர் அரியர். விடை நமக்கு நெருக்கமானது.

பெங்களூர் ஒரு மேட்டின்மேல் அமைந்த நகரம். அங்குப் பெய்யும் மழையில் ஒரு பகுதி மேற்கே காவிரிப் படுகைக்கும், மற்றொரு பகுதி கிழக்கே தென்பெண்ணைப் படுகைக்கும் இறங்குகிறது. லால்பாக் ஏரி கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. அப்பள்ளத்தாக்கின் நீர் பெல்லந்தூர் ஏரியிலும், பின் வர்த்தூர் ஏரியிலும் சேர்ந்து, அங்கிருந்து தென்பெண்ணையாற்றை அடைகிறது. ஆறு தமிழ்நாட்டு எல்லையைக் கடந்ததும் முதலில் தங்குமிடம் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணை. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், கடைசியில் கடலூரின் அருகே கடலுக்கும் செல்கிறது.

வழியில் இந்நீரோடு பெருநகரின் கழிவுநீர் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்த செய்தியை நாடே அறியும். மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளின் கீழ் வெண்ணுரை மலைபோல் எழுந்து, கரையோர வயல்களையும் தரைப்பாலங்களையும் மூடுவதை நம் பகுதி மக்கள் பலமுறை கண்டுள்ளனர். சோப்புப் பொருள்கள் கலந்த நீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கும்போது இந்நுரை உண்டாகிறது. மற்றொரு செய்தியையும் சேர்த்து எண்ண வேண்டும். பெங்களூர் குடிப்பது பெரும்பாலும் நெடுந்தொலைவிலிருந்து இறைத்து ஏற்றப்படும் காவிரி நீர். 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் ஓசூரும் காவிரி நீரையே குடிக்கிறது. ஆக, ஒரே ஆற்றைக் குடிக்கும் இரு ஊர்களுள், மேட்டிலுள்ளது குடித்துக் கழித்த நீர் பள்ளத்திலுள்ளதன் வயலுக்கு வருகிறது.

பழியை எல்லைக்கு அப்பாலுள்ளோர்மீது மட்டும் சுமத்துவது எளிது. நம் ஊரின் சாக்கடைகளும் ஏரிகளிலும் ஓடைகளிலும் கலந்து அதே ஆற்றைத்தான் அடைகின்றன. கிருஷ்ணகிரி அணையின் நீரால் நெல் விளைவிப்போருக்கு நாம் மேட்டில் உள்ளவர்கள். தோட்டம் எவ்வளவு அழகியதாயினும், அதன் மதிலைக் கடந்து செல்லும் நீர் எந்நிலையில் செல்கிறது என்பதைக்கொண்டே அத்தோட்டத்தை உடைய நகரை மதிப்பிட வேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று. ஏதேனைப்பற்றிய வேதாகம விவரிப்பிலும் ஆறு தோட்டத்தோடு நின்றுவிடவில்லை. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சி, அங்கிருந்து நான்காகப் பிரிந்து பிற நாடுகளுக்குச் சென்றது. பாரசீக மன்னர் வாய்க்காலைத் தம் மதிலுக்குள் நான்காய்ப் பிரித்தார். ஏதேனின் நீரோ வெளியே சென்று பிரிகிறது.

கல்லறைத் தோட்டம்

பொழுது சாய்வதற்குள் ஓசூர்ச் சாலைக்கு வந்தோம். கல்லறைத் தோட்டத்தின் வாயிலுக்கு வெளியே வாகனங்களின் இரைச்சல்; உள்ளே சிறிது அமைதி. 'கல்லறைத் தோட்டம்' என்பது தமிழ்க் கிறிஸ்தவர் நாவில் பழகிய சொல். அடக்கம் செய்யும் இடத்தைத் தோட்டம் என்று நம் முன்னோர் அழைத்ததன் பொருளை அன்றுதான் நின்று எண்ணினோம். யோவானின் சுவிசேஷத்தில் இயேசுவின் கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது. உயிர்த்தெழுந்தவரை மரியாள் தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவள் எண்ணம் முற்றிலும் பிழையானதன்று என்று கருதிய திருச்சபைத் தந்தையர் உண்டு.

பில்னிட்ஸின் மன்னர்களும், லால்பாக்கை உண்டாக்கிய சுல்தான்களும், அதைக் கைப்பற்றிய கம்பெனியும் இன்று இல்லை. அவர்கள் எழுப்பிய மதில்களுக்குள் எவரும் நுழையலாம். மாறாக, உரிமையாளராய் ஒருநாளும் இல்லாத ஒரு கூலித் தோட்டக்காரரின் மரங்கள் வீதிகளில் இன்றும் பூக்கின்றன; அவற்றுள் பல சாலை விரிவாக்கத்துக்காக வெட்டப்பட்டும் வருகின்றன. அவர் நட்டவை அழியாதவை என்று சொல்ல இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் நட்டால்தான் தோட்டம் நிற்கும்.

இருட்டியபின் ஓசூருக்குப் பேருந்து ஏறினோம். பொம்மசந்திரா, சந்தாபுரம் தாண்டி அத்திப்பள்ளியை நெருங்கியபோது, இரவுப் பணிக்குச் செல்வோர் ஆலைப் பேருந்துகளுக்காகச் சாலையோரம் நின்றுகொண்டிருந்தனர். அவர்கள் நின்ற இடத்தில் மரம் ஒன்றும் இல்லை. திருச்சபைகளின் வளாகங்களிலும், பள்ளிகளின் எல்லைச் சுவர்களிலும், நம் இல்லங்களின் முகப்பிலும் மதிலுக்கு உள்ளே நடும் மரங்களுள் ஒன்றையேனும் மதிலுக்கு வெளியே நடுவதற்கும், நம் வீட்டுச் சாக்கடை எங்கே செல்கிறது என்று ஒருமுறையேனும் அதன் வழியே நடந்து பார்ப்பதற்கும் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்த நடைக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படாது. ஒரு காலைப்பொழுது போதும்.